டூ-ஃபோட்டான் லேபை ப்ரீக்ளினிக்கல் நிறுவனமாக்குவது: எதை விற்கிறோம், எங்கே அடி விழும்?

இருஃபோட்டான் (இழையைத் தொடங்கியவர்)

மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் உயிருள்ள திசுவுக்குள் செல்கள் ஊர்வதையும் ரத்தக்குழாய் கசிவதையும் டூ-ஃபோட்டான் லேசர் மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் படமெடுக்கும் இன்ட்ராவைட்டல் இமேஜிங் பல ஆராய்ச்சி லேப்களில் நன்றாக ஊறிவிட்டது. அதை மருந்து நிறுவனங்களுக்கான ப்ரீக்ளினிக்கல் (மனிதருக்குக் கொடுக்கும்முன் விலங்கில் பார்க்கும்) சேவையாக வெளியே கொண்டுவருவது எப்படி என்று பேசத்தான் இந்த இழை. நிறுவனம் இந்தியாவில், வாடிக்கையாளர் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் கதை வேண்டாம். அளவு, படிநிலை, எது ஏன் கெடுகிறது என்று எழுதுங்கள்.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். மைக்ராஸ்கோப் நம் சொத்து இல்லை. டென்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து டூ-ஃபோட்டான் கட்டுரையை வெளியிட்டது 1990-ல். கார்னெலுக்குக் காப்புரிமை கிடைத்தது 1991-ல். ஒரு காலத்தில் அந்த உரிமத்தை வைத்திருந்தவர்களிடம்தான் கருவி வாங்க முடியும். அதெல்லாம் காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்குப் பணம் இருக்கிற யாரும் அதே கருவியை வாங்கி வைக்கலாம். அவர்களால் வாங்க முடியாதது ஒன்றுதான்: 40 எலியில் 35 எலிக்கு ஒரே தரத்தில் விண்டோ (உள்ளே பார்க்க எலியின் உடலில் பொருத்தும் கண்ணாடிச் சன்னல்) வைக்கிற கையும், அதிலிருந்து வாராவாரம் ஒரே மாதிரி வருகிற எண்ணும்.

சாளரம்

> 40 எலியில் 35 எலிக்கு ஒரே தரத்தில் விண்டோ

இதைக் கொஞ்சம் விரிக்கிறேன். கட்டுரைக்கு நாலு நல்ல எலி போதும்; மீதி கெட்டுப்போனதை யாரும் கேட்பதில்லை. நிறுவனத்தில் கெட்டுப்போன எலியும் அறிக்கைக்குள் வரும், பில்லுக்குள்ளும் வரும்.

மண்டையில் வைக்கும் கிரேனியல் விண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசோஃப்ளூரேன் 3–4 சதவீதத்தில் மயக்கி, 1–1.5-ல் நிறுத்த வேண்டும். அடியில் 37 டிகிரி வெப்பப் பாய், கண்ணுக்கு ஆயின்ட்மென்ட், வலிக்குக் கார்ப்ரோஃபென் கிலோவுக்கு 5 மில்லிகிராம். தோலை எடுத்து, எலும்பின் மேலிருக்கும் சவ்வைச் சுரண்டிக் காய வைத்தபிறகு 0.5 மில்லிமீட்டர் பர்ரால் (சுழலும் துளைமுனை) 3 மில்லிமீட்டர் வட்டம் போட வேண்டும். முதல் தவறு நடப்பது இங்கேதான். ஒரே மூச்சில் தொளைத்தால் பர்ரின் சூடு எலும்பு வழியாகக் கீழே இறங்கி மூளையின் மேலடுக்கை வேகவைத்துவிடும். 20–30 விநாடிக்கு ஒருமுறை நிறுத்திக் குளிர்ந்த சலைன் விடுங்கள். வட்டத்தின் நடுவே மெல்லத் தொட்டால் எலும்பு லேசாக அமுங்கி எழ வேண்டும்; அதுவரை தூக்கக் கூடாது. தூக்கும்போது சலைன் குளம் மேலே நிற்கட்டும். காய்ந்த நிலையில் தூக்கினால் டூரா (மூளையின் மேலுறை) எலும்போடு ஒட்டிக்கொண்டு கிழியும். ரத்தம் கசிந்தால் சலைனில் நனைத்த ஜெல்ஃபோமை (ரத்தம் நிறுத்தும் பஞ்சு) வைத்துக் காத்திருப்பதுதான் வைத்தியம். துடைக்காதீர்கள்.

கண்ணாடியில் நம்பர் 1 என்பது 0.13–0.16, நம்பர் 1.5 என்பது 0.16–0.19 மில்லிமீட்டர். அப்ஜெக்டிவ் லென்ஸின் கரெக்‌ஷன் காலர் (கண்ணாடித் தடிமனுக்கேற்பத் திருப்பும் வளையம்) எந்தத் தடிமனுக்கு வைக்கப்பட்டது என்பதை எஸ்ஓபியில் (நிலையான செயல்முறைக் குறிப்பில்) எழுதுங்கள். ஆள் மாறும்போது காலரும் மாறிவிடுகிறது. டென்டல் சிமென்ட்டில் கறுப்புத் தூள் கலந்துவிட்டால் பக்கவாட்டு வெளிச்சம் டிடெக்டருக்குப் போகாது.

அதன்பிறகு இரண்டு மூன்று வாரம் பொறுமை. அறுவையால் வந்த அழற்சி அடங்கும்முன் எடுத்த மைக்ரோக்லியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்) படம் மருந்தைப் பற்றிச் சொல்லாது, உங்கள் பர்ரைப் பற்றித்தான் சொல்லும். மண்டையைத் திறந்த விண்டோவையும், எலும்பைச் சுரண்டி மெலிதாக்கிய விண்டோவையும் ஒப்பிட்டு 2007-லேயே கட்டுரை வந்துவிட்டது: திறந்ததில் க்லியா செல்கள் கிளர்ந்து கிடந்தன, நரம்பு முட்களின் மாற்றமும் அதிகம். ஆகவே நியூரோ-இன்ஃப்ளமேஷன் (மூளை அழற்சி) மருந்து என்றால் மெலிதாக்கிய எலும்பே நல்லது. ஆனால் அதை எண்ணிச் சில தடவைதான் படமெடுக்கலாம், ஒவ்வொரு தடவையும் மறுபடி மெலிதாக்க வேண்டும்.

இன்னொன்று, மூளை வீக்கம் தடுக்கப் பழக்கமாகப் போடும் டெக்ஸாமெத்தசோன். நரம்பியல் லேபில் யாரும் யோசிக்காமல் போடும் ஊசி. வாடிக்கையாளரின் மருந்து நோயெதிர்ப்பைத் தொடுவது என்றால் இந்த ஸ்டீராய்டே முடிவைக் குழப்பும். போடுகிறீர்களா, எந்த அளவு, கடைசி டோஸுக்கும் மருந்துக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று ப்ரோட்டோகாலின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எலிக்கூடம்

சாளரம் கைவேலையைச் சொல்லிட்டார். கட்டடத்தைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் இதை மறந்துட்டுத்தான் ப்ளான் போடுவாங்க.

பல லேப்ல எலி ஒரு மாடியில, மைக்ராஸ்கோப் வேற கட்டடத்துல இருக்கும். நோய்க்கிருமி இல்லாத பேரியரை விட்டு ஒரு தடவை வெளிய வந்த எலி திரும்ப உள்ள போக முடியாது. ஒரே நாள்ல எடுத்து முடிக்கிற படம்னா பரவாயில்ல. ஒரே எலியை 0, 7, 14-ஆம் நாள்னு எடுக்கிறதுதான் இந்த டெக்னிக்கோட பலமே. அதுக்கு மைக்ராஸ்கோப் ரூம் பேரியருக்குள்ள இருக்கணும், இல்ல வெளியே வந்த எலிக்குன்னு தனி ஹோல்டிங் ரூம் வேணும். காற்றழுத்தம், கழுவுற தரை, எல்லாத்தையும் லேசர் ரூமோட சேர்த்து யோசிக்கணும். கட்டி முடிச்சப்புறம் சரிபண்ண முடியாது.

அனுமதி விஷயம். இந்தியாவுல விலங்கு ஆய்வைக் கண்காணிக்கிற அரசுக் குழுவான சிசிஎஸ்இஏ-வோட (பழைய பேரு சிபிசிஎஸ்இஏ) பதிவு இல்லாம எலியைத் தொடக் கூடாது. அந்தப் பதிவுல கல்விக்கான ஆய்வு வேற, வணிக ஆய்வு வேற. பல்கலைக்கழகத்தோட பதிவை வெச்சுக்கிட்டு வெளிக் கம்பெனியோட மருந்தைக் கூலிக்கு டெஸ்ட் பண்றது வம்பு. நிறுவனத்துக்குத் தனிப் பதிவு, தனி ஐஏஇசி (நிறுவனத்தோட விலங்கு நெறிமுறைக் குழு) வேணும். அதுல சிசிஎஸ்இஏ நியமிக்கிறவங்க இருப்பாங்க, கூட்டம் அவங்க தேதியைப் பொறுத்துத்தான் நடக்கும். அதனால ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதுசா ஃபார்ம் பி (ஆய்வு அனுமதி விண்ணப்பம்) போடாம, "இந்த மாடல், இந்த விண்டோ, இத்தனை தடவை மயக்கம், இந்த வகை மருந்து"ன்னு அகலமா ஒரு ப்ரோட்டோகால் வாங்கிட்டு, புது மருந்துக்குத் திருத்தம் மட்டும் கேளுங்க. எத்தனை மணிநேர மயக்கம்கிறதைத் தாராளமா எழுதிடுங்க. ரெண்டு மணின்னு வாங்கிட்டு மூணு மணி எடுத்தா அது விதிமீறல்.

வெப்பம். வாட்டர் இம்மர்ஷன் அப்ஜெக்டிவ் ஒரு பெரிய உலோகக் கட்டி. எலியோட அடியில பாய் 37-ல இருக்கும், மேல அப்ஜெக்டிவ் ஏசி ரூமோட 21 டிகிரியை உறிஞ்சி நீங்க பார்க்கிற இடத்துக்கே இறக்கும். ரெண்டு மூணு டிகிரி குறைஞ்சாலே டி-செல் (நோயெதிர்ப்பு வெள்ளணு) வேகம் படுத்துடும். மலக்குடல் தெர்மோமீட்டர் 37 காட்டும், நிணநீர்முடிச்சு 33-ல இருக்கும். அப்ஜெக்டிவுக்கு ஹீட்டர் வளையம் போட்டு, கண்ணாடிக்கு அடியில மெல்லிய தெர்மோகப்பிள் வெச்சு அளந்து பதிவு பண்ணுங்க.

கணக்குப்பிள்ளை

எண்கள் பேசட்டும். வழக்கமான ஆர்டர்: 4 குழு, குழுவுக்கு 10 எலி, எலிக்கு 3 நாள் படம். மொத்தம் 120 அமர்வு. மயக்கி, பொருத்தி, பழைய இடத்தைக் கண்டுபிடித்து, எடுத்து, எழுப்ப ஒன்றரை மணி. ஒரு நாளைக்கு 4 அமர்வுக்குமேல் ஒருவரால் தரத்தோடு செய்ய முடியாது. 30 வேலை நாள், அதாவது ஒரே ஒரு ஆர்டருக்கு ஒரு கருவி ஆறு வாரம். வருஷத்துக்கு இப்படி எட்டு ஆர்டர் ஓட்டினாலே கருவி நிறைந்துவிடும், சர்வீஸ் நாள்களையும் கணக்கில் வைத்தால் ஏழு. இந்த ஏழால்தான் வாடகை, லேசர் சர்வீஸ் ஒப்பந்தம், நாலைந்து பேர் சம்பளம் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும். லேபில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, அங்கே இரவு பத்து மணிக்குப் படமெடுக்கும் ஆராய்ச்சி மாணவரின் நேரத்துக்கு விலை கிடையாது.

முதல் வாரம் மருந்துக் குழு, இரண்டாம் வாரம் கன்ட்ரோல் குழு என்று ஓட்டாதீர்கள். லேசர், ஆள், சீதோஷ்ணம் எல்லாம் மாறும். தினமும் 4 எலி, குழுவுக்கு ஒன்று. இப்படி 10 பிளாக். விண்டோ வைப்பதும் அதே வரிசையில் தள்ளித் தள்ளி. விண்டோ வெற்றி 80 சதவீதம் என்றால் 40 நல்ல எலிக்கு 50 அறுவை. எந்த எலி எந்தக் குழு என்பதை அறுவையின்போது முடிவு செய்யாமல், முதல் நாள் படம் நன்றாக வந்தபிறகு குலுக்கிப் போடுங்கள். கெட்ட விண்டோ எல்லாம் ஒரே குழுவில் சேராமல் இருக்க இதுதான் வழி.

டேட்டா: 512×512, 16 அடுக்கு, 4 சேனல், 16 பிட். ஒரு நேரப்புள்ளிக்குச் சுமார் 33.5 எம்பி. 30 விநாடிக்கு ஒன்றாக ஒரு மணிநேரம் எடுத்தால் 120 புள்ளி, 4 ஜிபி. எலிக்கு 3 இடத்தை அதே மணிநேரத்தில் மாறி மாறி எடுத்தால் 12 ஜிபி. 40 எலிக்கு 480 ஜிபி, ஒரு நாளுக்கு மட்டும். மூன்று நாள், பேக்கப் இரண்டு பிரதி. ஸ்டோரேஜை மேற்கோளில் தனி வரியாகக் காட்டுங்கள், எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்பதையும்.

இருஃபோட்டான்

> குழுவுக்கு 10 எலி

இங்கே ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு எலியில் 300 டி-செல்லை ட்ராக் செய்தால் மாதிரி எண்ணிக்கை (n) 300 ஆகாது. அது ஒன்றுதான். கட்டுரைகளில் செல்லை எண்ணிப் பி-வேல்யூ போட்டுத் தப்பித்துக்கொண்டவர்கள் உண்டு. மருந்து நிறுவனத்தின் புள்ளியியலாளர் அறிக்கையைத் திறந்ததும் முதலில் தேடுவதே இதைத்தான். எலிக்கு ஒரு மீடியன் எடுங்கள், அல்லது எலியை ரேண்டம் எஃபெக்டாக வைத்து மிக்ஸ்டு மாடல் (எலிக்கு எலி உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) போடுங்கள்.

வைகைக்கரை

புதியவர் கேள்வி. 2022 டிசம்பரில் அமெரிக்காவில், மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதை நீக்கிய எஃப்டிஏ மாடர்னைசேஷன் சட்டம் 2.0 வந்தது. 2025 ஏப்ரலில் மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தையும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்டது. இந்தியாவிலும் 2023-ல் விதியைத் திருத்தி விலங்கில்லா முறைகளுக்கு வழிவிட்டார்கள். இந்த நேரத்தில் எலி நிறுவனம் தொடங்குவது கிணறு வற்றும் நேரத்தில் ராட்டினம் வாங்குவது மாதிரி இல்லையா?

மருந்துமலை

நியாயமான கேள்வி, ஆனால் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. எஃப்டிஏ குறைக்கச் சொல்வது முதன்மையாக நச்சுத்தன்மைச் சோதனையை. நாம் விற்பது அதை இல்லை. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா, போய் என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். ஆர்கனாய்டில் (தட்டில் வளர்க்கும் குட்டி உறுப்புத் திசு) ரத்த ஓட்டம் கிடையாது. ஆன்டிபாடி-ட்ரக் கான்ஜுகேட் (ஆன்டிபாடியோடு மருந்தை இணைத்தது) ஒன்று கட்டியின் ரத்தக்குழாயை விட்டு எத்தனை மைக்ரான் வெளியே போகிறது என்று தட்டில் பார்க்க முடியாது. குறைந்த டோஸில் அது குழாயை ஒட்டிய முதல் இரண்டு மூன்று செல் வரிசையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிடும். கட்டியை அரைத்து மொத்த அளவு பார்த்தால் "மருந்து இருக்கிறது" என்று வரும். படத்தில் பார்த்தால் பாதிக் கட்டி இருட்டு. அந்த வித்தியாசத்துக்குத்தான் பணம் தருகிறார்கள்.

இந்தத் துறையின் நல்ல உதாரணம் பாஸ்டனில் ராகேஷ் ஜெயினின் லேப். கட்டியின் ரத்தக்குழாயைக் கொல்லாமல் சீராக்கினால் மருந்து நன்றாகப் போகும் என்ற வாதத்தை அவர் 2001-ல் வைத்தார். ரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன் கட்டியின் கொலாஜனைக் குறைத்து நானோ அளவு மருந்துத் துகள்களை உள்ளே விடுகிறது என்று 2011-ல் அதே லேப் காட்டியது. அதில் கொலாஜனை அளந்தது செகண்ட் ஹார்மோனிக் ஒளியால், சாயமே இல்லாமல். 880 நானோமீட்டரில் அடித்தால் கொலாஜன் சரியாகப் பாதியில், 440-ல், தானே ஒளிரும். இதை மட்டும் தனி அளவீடாக, ஃபைப்ரோசிஸ் (திசு தழும்பேறும் நோய்) மருந்துக்காரர்களிடம் விற்கலாம்.

வைகைக்கரை, கிணறு வற்றவில்லை, ஆனால் வாளி மாற வேண்டும். ஒரே எலியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிக் குழு கொல்ல வேண்டியதில்லை. எலி எண்ணிக்கை குறைவதையே விற்பனைப் பேச்சில் முன்வையுங்கள்.

சாளரம்

முதல் சேவையாக அறுவையே தேவைப்படாததைத் தொடங்குங்கள் என்பேன்: காது. எலியின் காதை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி மேலே ஒரு கவர்ஸ்லிப், அவ்வளவுதான். 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் சாயத்தை வாலில் ஏற்றிவிட்டு ரத்தக்குழாய்க்கு வெளியே எவ்வளவு ஒளி சேர்கிறது என்று அளக்கலாம். பாசிட்டிவ் கன்ட்ரோலாக ஹிஸ்டமின், சில நிமிடங்களில் கசிவு தெரியும். கசிவைத் தடுக்கும் மருந்துக்காரருக்கு இரண்டு வாரத்தில் பதில் கொடுத்துவிடலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. முடி எடுக்கும் க்ரீமை ஒரு நிமிடத்துக்குமேல் விட்டால் தோலே அழற்சியாகும். வெள்ளணுக்கள் பச்சையாக ஒளிரும் லைஸ்எம்-ஜிஎஃப்பி எலியில் நியூட்ரோஃபில் (அழற்சிக்கு முதலில் ஓடிவரும் வெள்ளணு) மந்தையாக வந்து நிற்கும், மருந்து கொடுக்காத எலியிலும். க்ரீமை முந்தின நாளே போட்டுக் கழுவிவிடுங்கள்.

அதே நியூட்ரோஃபிலை எச்சரிக்கை மணியாகவும் வைத்துக்கொள்ளலாம். லேசர் ஆற்றல் கூடிப்போய்த் திசு கருகினால் அவை அந்தச் சதுரத்துக்குள் மட்டும் மொய்க்கும். காட்சிப் பரப்பின் விளிம்பில் சதுரமாக ஒரு கூட்டம் தெரிந்தால் அந்த எலியைக் கழித்துவிடுங்கள். மருந்து அப்படிச் சதுரமாக வேலை செய்யாது.

இருஃபோட்டான்

டி-செல் அளவீடும் அப்படி நிலையானதாக்கலாம். 2002-ல் நிணநீர்முடிச்சுக்குள் டி-செல் ஓடுவதை முதலில் காட்டியபோதிலிருந்து எண்கள் பெரிதாக மாறவில்லை: டி-செல் நிமிடத்துக்குச் சுமார் 10–12 மைக்ரான், பி-செல் சுமார் 6. 20–50 லட்சம் செல்லைச் சாயமேற்றி முந்தின நாள் ஊசி போட்டு, 40–50 மைக்ரான் ஆழத்துக்கு 3 மைக்ரான் இடைவெளியில் 30 விநாடிக்கு ஒரு முறை எடுக்கலாம். இதில் மருந்து கொடுக்காத குழுவின் டி-செல் மீடியன் வேகம் நீங்கள் முன்பே எழுதிவைத்த வரம்புக்குள் வரவில்லை என்றால் அன்றைய ஓட்டமே செல்லாது, பணம் கேட்கக் கூடாது. இந்த வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பெரிய நிறுவனங்கள் உங்களை வேறு மாதிரி பார்க்கும்.

ஆன்டிபாடியில் சாயம் ஒட்டுவது தனிக் கலை. மூலக்கூறுக்குச் சுமார் இரண்டு சாயம் போதும். ஐந்தாறு ஒட்டினால் கல்லீரல் வேகமாக விழுங்கிவிடும், பிறகு நீங்கள் அளப்பது மருந்தின் போக்கை இல்லை, சாயத்தின் போக்கை. ஒட்டாமல் தனியாக நிற்கும் சாயம் மிஞ்சியிருக்கிறதா என்று ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். சாயமேற்றியதும் ஏற்றாததும் இலக்கில் ஒரே மாதிரிப் பிடிக்கிறதா என்று காட்டிய பிறகே எலிக்குப் போகட்டும்.

லேசர்காரன்

கருவி பற்றி யாரும் பேசவில்லையே. லேபில் இருக்கும் ட்யூனபிள் டைட்டானியம்-சஃபையர் லேசரையே நிறுவனத்துக்கும் வாங்காதீர்கள். அது ஆராய்ச்சிக்கு, அலைநீளம் தேடுகிற காலத்துக்கு. சேவைக்கு 920-ல் ஒன்று, 1040–1064-ல் ஒன்று, இரண்டு நிலையான ஃபைபர் லேசர் போதும். 920 பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கு, மற்றது டிடிடொமேட்டோ மாதிரிச் சிவப்புக்கு. சில்லர் வேண்டாம், சர்வீஸ் செலவு குறைவு, காலையில் சுவிட்ச் போட்டதும் நேற்று இருந்த ஆற்றலே வரும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 935–950 நானோமீட்டர் வாக்கில் நீராவி ஒளியை உறிஞ்சும். சென்னைக் காற்றில் டைட்டானியம்-சஃபையரின் பெட்டிக்குள் உலர்காற்று சுழற்சி சரியாக இல்லாவிட்டால் 940 பக்கம் போகும்போதெல்லாம் மோட்லாக் (லேசர் துடிப்புத் துடிப்பாக வரும் நிலை) அறுந்து விழும். டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள்) மாற்றும் தேதியைக் கருவியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

இருஃபோட்டான்

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிஎஃப்பி (நீலமாக ஒளிரும் புரதம்), செகண்ட் ஹார்மோனிக், அலெக்ஸா 594 சாயம் எல்லாம் சேர்ந்து வரும்போது 800–880 தேவைப்படும். வாடிக்கையாளர் தன் சாயத்தோடு வருவார், "எங்களிடம் அந்த நிறம் இல்லை" என்று அனுப்ப முடியாது.

லேசர்காரன்

அனுப்பத்தான் வேண்டும். அல்லது அவர் மருந்தை உங்கள் சாயத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். எல்லா நிறத்துக்கும் சரி என்று சொல்கிற இடம் கோர் ஃபெசிலிட்டி (பல லேப்களுக்குப் பொதுவான கருவி மையம்), நிறுவனம் இல்லை. செகண்ட் ஹார்மோனிக் 920-லும் வரும், 460-ல். ஃபில்டரை மாற்றினால் போதும். நிலையான இரண்டு அலைநீளத்தில் நாலு நிறத்துக்குள் அடங்குகிற சேவையை மட்டும் பட்டியலில் வையுங்கள். ட்யூனபிள் கட்டாயம் வேண்டுமென்றால் ஆராய்ச்சிக் கருவிகளைப் பகிரும் ஐ-ஸ்டெம் போர்ட்டலில் பல்கலைக்கழகக் கருவியை மணிநேரத்துக்கு எடுத்து முன்சோதனை மட்டும் ஓட்டுங்கள்.

அளவுத்திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் காலையில் அப்ஜெக்டிவுக்குக் கீழே பவர் மீட்டர். மென்பொருளில் "10 சதவீதம்" என்பது எத்தனை மில்லிவாட் என்று எழுதிவையுங்கள். ஒளிரும் ப்ளாஸ்டிக் ஸ்லைடில் ஒரு படம். வாரம் ஒருமுறை 0.2 மைக்ரான் ஒளிரும் மணிகளில் புள்ளிப் பரவலை (ஒரு புள்ளி எவ்வளவு பரவித் தெரிகிறது என்பதை) அளவெடுங்கள். ஒரு ஆய்வு முடியும்வரை டிடெக்டர் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) தொடக் கூடாது. மூன்றாம் வாரம் படம் மங்கலாக இருக்கிறதே என்று கெயினை ஏற்றியவர் அந்த ஆய்வையே குப்பையில் போட்டவர். மங்கியது விண்டோவா, லேசரா என்று ஸ்லைடைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

ஒப்பந்தஓலை

சட்டப் பக்கம். காப்புரிமை இல்லாத கைத்திறனைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள், ஆகவே பல்கலைக்கழகத்திடம் பெரிய லைசென்ஸ் தேவையில்லை என்று நினைப்பார்கள். மூன்று இடத்தில் கால் இடறும்.

ஒன்று, எலிகள். லேபில் ஓடுகிற ரிப்போர்ட்டர் எலி (செல்கள் ஒளிரும்படி மரபணு மாற்றியது) எம்டிஏ (பொருள் பகிர்வு ஒப்பந்தம்) போட்டு வந்தது, "வணிகப் பயன்பாடு இல்லை" என்ற வரியோடு. அதன் குட்டியையும் நிறுவனத்துக்குள் கொண்டுபோக முடியாது. உருவாக்கியவரிடமோ விநியோகிக்கும் இடத்திலோ வணிக உரிமம் தனியாக வாங்க வேண்டும். பிளாஸ்மிடும் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) அப்படியே: அவற்றைச் சேமித்து விநியோகிக்கும் ஆட்ஜீனில் இருக்கும் பலவற்றைக் கல்வி நிறுவனத்துக்குத்தான் தருவார்கள், தொழில்துறைக்குச் சிலவற்றைத்தான். ஆகவே சேவைப் பட்டியலை முடிவுசெய்யும் முன்பே ஒவ்வொரு எலி, ஒவ்வொரு பிளாஸ்மிட், ஒவ்வொரு செல் லைனுக்கும் எதிரே உரிமம் யாரிடம் என்று ஒரு ஷீட் போடுங்கள். பாதி வரி சிவப்பாக வரும், அந்தச் சேவையைத் தள்ளிவையுங்கள். மரபணு மாற்றிய எலியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐபிஎஸ்சி (நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு) வழியாகவும் போக வேண்டும் என்பதைக் கால அட்டவணையில் சேருங்கள்.

இரண்டு, மென்பொருள். கல்வி லைசென்ஸில் ஓடும் ட்ராக்கிங் மென்பொருளில் வாடிக்கையாளர் டேட்டாவைத் திறக்கக் கூடாது. இலவச மென்பொருளான ஃபிஜியும் ட்ராக்மேட்டும் போதுமான வேலையைச் செய்யும். எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று பூட்டிவையுங்கள்.

மூன்று, கருவி. அரசு நிதியில் வாங்கியது, ஆராய்ச்சி நிறுவனத்துக்கான சுங்கச் சலுகையில் இறங்கியது. அதை நிறுவனத்துக்குக் கைமாற்றுவதோ ரகசியமாக வணிக வேலைக்கு ஓட்டுவதோ ஆபத்து. எழுத்துமூலமான வசதிப் பயன்பாட்டு ஒப்பந்தம், மணிக்கட்டணம், டேட்டா யாருடையது என்ற வரி மூன்றும் வேண்டும். பல்கலைக்கழகம் "இங்கே எடுத்த டேட்டாவில் எங்களுக்கும் பங்கு" என்று எழுதினால் எந்த மருந்து நிறுவனமும் மாதிரியை அனுப்பாது.

கணக்குப்பிள்ளை

வரியில் ஒரு விஷயம், தெரியாமல் 18 சதவீதம் இழந்தவர்கள் இருப்பார்கள். வெளிநாட்டு நிறுவனம் மருந்து மாதிரியை இங்கே அனுப்பி நாம் அதன்மேல் வேலை செய்தால், ஜிஎஸ்டியின் பொது விதிப்படி சேவை நடந்த இடம் இந்தியா, ஆகவே ஏற்றுமதி இல்லை. மருந்து ஆராய்ச்சிக்கு மட்டும் 2019 செப்டம்பர் 30-ம் தேதியிட்ட 4/2019 அறிவிக்கை விலக்கு தருகிறது: பட்டியலில் உள்ள சேவையானால் பெறுபவர் இருக்கும் இடமே சேவை இடம். விலங்கு மாடலில் செயல்திறன் மதிப்பீடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இன்வாய்ஸிலும் ஒப்பந்தத்திலும் "இமேஜிங் சேவை" என்று எழுதாதீர்கள். அறிவிக்கையின் சொல்லையே எழுதுங்கள்.

மாதிரி இறங்குவதற்கு 2019 புதிய மருந்து விதிகளின்படி சிடி-16 விண்ணப்பம், சிடி-17 உரிமம். இது கையில் வராமல் வாடிக்கையாளரை அனுப்பச் சொன்னால் உலர்பனிப் பெட்டி விமான நிலையத்தில் கிடந்து உருகும்.

தொடக்கப் பணத்துக்கு உயிர்த்தொழில்நுட்பத்துக்கான அரசு அமைப்பான பைராக்கின் பிக் மானியம் 50 லட்சம் வரை, 18 மாதம். அதில் மைக்ராஸ்கோப் வராது. அளவீட்டைச் சரிபார்க்கவும் விண்டோ போடும் ஆளுக்குச் சம்பளம் தரவும் வரும். இந்தக் கட்டத்தில் அதுதான் வேண்டியதும்.

வைகைக்கரை

ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று முதல் நாளே வேண்டுமா? அதுக்கே இரண்டு வருஷம் போய்விடும் போலிருக்கிறதே.

மருந்துமலை

வேண்டாம். ஜிஎல்பி பாதுகாப்பு ஆய்வுக்கு. மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற முதன்மை ஃபார்மகாலஜி ஆய்வுக்கு சர்வதேச மருந்து வழிகாட்டியான ஐசிஎச் எஸ்7ஏ-வே ஜிஎல்பி கட்டாயமில்லை என்கிறது. ஆனால் அந்த மனப்பான்மை வேண்டும்: மூல ஃபைலை யாரும் மேலெழுத முடியாதபடி பூட்டுவது, யார் எப்போது திறந்தார் என்ற பதிவு, பகுப்பாய்வு செய்பவருக்குக் குழு தெரியாமல் வைப்பது.

வெளிநாட்டு முன்மாதிரி இரண்டு. தென்கொரியாவில் கைஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 2017-ல் பிரிந்த ஐவிஐஎம் டெக்னாலஜி கருவியும் விற்கிறது, அதே கருவியில் ஒப்பந்த ஆய்வும் செய்துதருகிறது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2011-ல் வந்த இன்ஸ்கோபிக்ஸ் எலியின் தலையில் சுமக்கிற குட்டி மைக்ராஸ்கோப்பைப் பொருளாக்கியது, பிறகு ப்ரூக்கர் வாங்கியது. இரண்டுக்கும் அடியில் கருவி இருந்தது. நம்மிடம் கருவி இல்லை, கைதான் இருக்கிறது. கை வளர்வது ஆள் ஆளாகத்தான், ஆகவே முதலீட்டாளரிடம் அவர்கள் வளர்ச்சி வேகத்தைக் காட்டிப் பணம் கேட்காதீர்கள்.

சாளரம்

ஆள் விஷயத்தில் ஒரு நடைமுறை. புதிதாக விண்டோ போடக் கற்பவரைத் தொடர்ச்சியாக 10 எலி போடச் சொல்லுங்கள், இடையில் எதையும் கழிக்காமல். 14-ஆம் நாள் 8 எலியில் குழாய் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால்தான் வாடிக்கையாளர் எலியைத் தொடலாம். மூன்று மாதம் அறுவை செய்யாமல் இருந்தவருக்கும் மறுபடி இதே தேர்வு. எப்போதும் இரண்டு பேராவது தேர்வானவர்களாக இருக்க வேண்டும். ஒருவர்தான் என்றால் அவருக்கு வருகிற காய்ச்சல் நிறுவனத்துக்கும் வரும்.

வைகைக்கரை

கடைசிக் கேள்வி. முதல் வாடிக்கையாளருக்கு இலவசமாக ஒரு பைலட் செய்து கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை

இலவசம் கூடாது. இலவசமாக வந்த டேட்டாவை அந்த நிறுவனத்தில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 6 எலி, இரண்டு குழு, ஒரே அளவீடு, நாலு வாரம், செலவு விலை. கேள்வி ஒரே வரியில்: "இந்த ஆன்டிபாடி 24 மணிநேரத்தில் குழாயை விட்டு 50 மைக்ரான் தாண்டுகிறதா?" விடை ஆம், இல்லை, அல்லது இந்த மாடலில் அளக்க முடியவில்லை. மூன்றாவது விடைக்கும் பணம் உண்டு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள், 50 சதவீதம் முன்பணத்தோடு.

எலிக்கூடம்

6 எலின்னு மேற்கோள் போட்டா 8-க்கு ஐஏஇசி அனுமதி வாங்கிடுங்க. மறக்காதீங்க.